தேடி வருகிறவர் வழி தவறக்கூடாது

தோட்டத்து முச்சந்தியில் வெளியாள் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தயங்கி நின்றால், "யாருங்க வேணும்?" என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள். பெருமாள் வேண்டும் என்று அவர் சொன்னால் மட்டும் போதாது. எங்கள் லயங்களில் பெருமாள்கள் பலர். மாட்டுக்காரப் பெருமாளா, பால் கொட்டகைப் பெருமாளா, போன வருஷம் மகளைத் தம்பினில் கட்டிக்கொடுத்தாரே அவரா என்று கேட்டுக் கேட்டு, வந்தவருக்கு எந்தப் பெருமாள் வேண்டும் என்பதைக் கண்டுபிடித்து, வீட்டு வாசல்வரை ஒரு பையனையும் கூட அனுப்புவார்கள். அந்த வீட்டில் அவருக்கு ஒரு டம்ளர் தேத்தண்ணியும் கிடைத்துவிடும்.

ரந்தாவுக்கும் சிலியாவுக்கும் இடையில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாக வேலை பார்த்தவன் நான். அந்த லயங்கள் இப்போது இல்லை. ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் வரிசை வீடுகள். நெகிரி செம்பிலானில் சிரம்பான், நீலாய், லாபு என்று எந்தப் பக்கம் போனாலும் இதே கதைதான். பால்மரக் காடுகள் தாமான்களாயின. சனங்கள் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். முச்சந்தியில் நிற்க அந்த நாலு பேர் இல்லை. இன்று வழி கேட்கிறவர் கைப்பேசியைக் கேட்கிறார். அது காட்டும் இடத்துக்குப் போகிறார். அது காட்டாவிட்டால், அப்படி ஓர் இடமே இல்லை என்று முடிவு செய்து திரும்பிவிடுகிறார்.

இதை எனக்குப் புரிய வைத்தது எங்கள் பள்ளிக்கூடம். தோட்டம் விற்கப்பட்டு, பல வருஷ அலைச்சலுக்குப் பிறகு, பள்ளி பக்கத்துத் தாமானுக்கு இடம் மாறியது. பெயரில் மட்டும் பழைய தோட்டத்தின் பெயர் தங்கிவிட்டது. நம் நாட்டில் பல தமிழ்ப்பள்ளிகளுக்கு இதே நிலைதான். பள்ளி மேலாளர் வாரியத்தில் நான் இருந்த சமயம், முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைப் பதிய வந்த ஓர் இளம் தம்பதியர் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்கள். கைப்பேசி வரைபடம் அவர்களைச் செம்பனைக் காட்டு மண்சாலைக்குக் கூட்டிப் போயிருக்கிறது, பழைய பள்ளி இருந்த இடத்துக்கு. அங்கே வேலை செய்துகொண்டிருந்த வங்காளதேசத் தம்பி ஒருவர் சைகையால் வழி காட்டி அனுப்பியிருக்கிறார். அவர் காட்டியிராவிட்டால் இன்னொரு பள்ளிக்குப் போயிருப்போம் என்றார் அந்தப் பெண். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் வழி காட்ட ஆளில்லாமல் எத்தனை பேர் அப்படியே திரும்பிப் போயிருப்பார்கள் என்ற கவலை என்னைப் பிடித்துக்கொண்டது.

அன்று இரவு பேத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பள்ளியின் பெயரைத் தேடச் சொன்னேன். வீடு விற்கும் விளம்பரம் ஒன்று வந்தது, 'தமிழ்ப்பள்ளி அருகில்' என்று. பழைய கட்டடத்தின் கூரை ஒழுகியதைப் பற்றி என்றோ வந்த செய்தி ஒன்று வந்தது. இடம் மாறாத பழைய வரைபடக் குறி வந்தது. பள்ளி தன்னைப் பற்றித் தானே எழுதிய ஒரு வரியும் வரவில்லை. "நாங்கள்தான் முகநூலில் எல்லாம் போடுகிறோமே" என்றேன். அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். விளையாட்டுப் போட்டி, பொங்கல் விழா, பதிவு நாள் அறிவிப்பு எல்லாமே வண்ணச் சுவரொட்டிப் படங்கள். "தாத்தா, இந்தப் படத்துல இருக்கிற எழுத்த நம்ம கண்ணு படிச்சிடும். தேடுற எடத்துல இது பெரும்பாலும் வராது. எழுத்த எழுத்தா எழுதினாத்தான் வரும்" என்றாள். அது மட்டுமா? முகநூலில் போட்டது ஒரு வாரத்தில் கீழே போய்விடுகிறது, புலனத்தில் (வாட்ஸ்அப்) போட்டது ஒரு நாளில் புதைந்துவிடுகிறது. நாங்கள் செய்துவந்த விளம்பரம் எல்லாம் ஏற்கெனவே எங்களைத் தெரிந்தவர்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. தெரியாதவர்தானே தேடுவார்?

தன்னைப் பற்றித் தான் எழுதாத ஊருக்கு என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். போர்ட்டிக்சன் மாவட்டத்தில், புக்கிட் பெலண்டோக் பக்கம், சுங்கை நிப்பா என்று ஒரு கம்பம். 1998-99-இல் பன்றிப் பண்ணைகளில் பரவிய நோய் மலேசியாவில் நூறு பேருக்கு மேல் பலி வாங்கியது. பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். அந்தக் கம்பத்து நோயாளி ஒருவரிடமிருந்து பிரித்தெடுத்த கிருமிக்கு ஊரின் பெயரையே வைத்துவிட்டார்கள். 2018-இல் கேரளத்துக் கோழிக்கோட்டில் அதே நோய் வந்தபோது உலகமே அந்தப் பெயரைத் தேடியது. தேடியவர் கண்ணில் பட்டது கிருமி. அந்தக் கம்பத்தில் வாழ்ந்தவர்கள் யார், இழந்தது என்ன, பிறகு எப்படி எழுந்து நின்றார்கள் என்பதைப் பார்க்க யாரும் பல பக்கங்கள் புரட்டிப் போவதில்லை. நோய்க்கு ஊர்ப் பெயரை வைக்க வேண்டாம் என்று 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுரை சொன்னது. சுங்கை நிப்பாவுக்கு அது காலம் கடந்து வந்த அறிவுரை. நம்மைப் பற்றி நாம் எழுதாவிட்டால் மற்றவர் எழுதியதே நமக்கு முகவரி ஆகிவிடுகிறது. ஒரு பள்ளிக்கும் கோயிலுக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

தேடுபொறி உகப்பாக்கம் என்று ஏட்டில் எழுதுகிறார்கள், எஸ்.இ.ஓ. என்று பேச்சில் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. தேடுபொறியின் நிரல் ஒவ்வோர் அகப்பக்கமாகப் போய்ப் படிக்கிறது, படித்ததைப் பட்டியல் போட்டு வைக்கிறது, யாராவது கேட்கும்போது அந்தப் பட்டியலிலிருந்து பொருத்தமானதை எடுத்து வரிசைப்படுத்திக் கொடுக்கிறது. 1998-இல் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் அந்த வரிசைக்கு ஒரு வழி கண்டார்கள். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகிற பக்கங்களுக்கே எவ்வளவு மதிப்பு என்று பார்ப்பது அது. இன்று இன்னும் பல நூறு கணக்குகள் சேர்ந்துவிட்டன. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. பக்கம் எதைப் பற்றியது என்று தலைப்பில் தெளிவாகச் சொல்ல வேண்டும். தேடுகிறவருக்கு வேண்டிய விவரம் அங்கே உண்மையாக இருக்க வேண்டும். கைப்பேசியில் சுலபமாகத் திறக்க வேண்டும். நம்மை அறிந்த மற்றவர்கள் நம்மைச் சுட்டிக்காட்ட வேண்டும். நாலும் நல்ல பெயர் எடுப்பதற்கு எந்தக் காலத்திலும் வேண்டியவைதான்.

வாரியக் கூட்டத்தில் விஷயத்தை வைத்தபோது, உறுப்பினர் ஒருவர் தமக்குத் தெரிந்த நிறுவனம் ஒன்றை அழைத்து வந்தார். சட்டையில் கசங்கல் இல்லாத இளைஞர். ஒரே மாதத்தில் முதல் இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறேன், உத்தரவாதம் என்றார். எப்படி என்று கேட்டோம். நூற்றுக்கணக்கான அகப்பக்கங்களிலிருந்து எங்களுக்குச் சுட்டிகள் வாங்கித் தருவதாகச் சொன்னார். அந்தப் பக்கங்கள் எதைப் பற்றியவை என்று என் கூட வந்திருந்த பேத்தி கேட்டாள். அவர் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருப்பதை அவள் எடுத்துக் காட்டினாள். நல்ல வேலைக்குப் பலன் தெரிய நான்கு மாதத்திலிருந்து ஓராண்டு ஆகும் என்பதும் கூகுள் சொன்னதுதான்.

அந்த இளைஞர் பேசப் பேச எனக்கு எத்ரல் ஞாபகம் வந்தது. ரப்பர்க் கன்று நட்டால் ஐந்து, ஆறு, சில இடங்களில் ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவரை களை எடுப்பதும் உரம் வைப்பதும்தான், வரவு ஒரு காசு இல்லை. உளி வைக்கும் பருவம் வந்த பிறகு, பட்டையை மெல்லியதாகச் சீவி, உள்ளே மரத்தில் காயம் படாமல் வெட்டத் தெரிந்த கை இருந்தால் இருபது இருபத்தைந்து வருஷம் அந்த மரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். எழுபதுகளில் எத்ரல் என்ற மருந்து வந்தது. வெட்டுப்பட்டையில் பூசினால் பால் பெருகும். அளவறிந்து பூசிய இடங்களில் நல்ல பலன் கண்டார்கள். ஆசைப்பட்டு அடிக்கடி பூசி, மரத்துக்கு ஓய்வு கொடுக்காமல் வெட்டிய நிரைகளில் முதலில் வாளி நிறைந்தது, பிறகு பட்டை காய்ந்தது. காய்ந்த பட்டையில் எவ்வளவு திறமைசாலி வெட்டினாலும் சொட்டுப் பால் வராது. வாரியத்தில் பாதிப் பேர் தோட்டத்தில் பிறந்தவர்கள். இதைச் சொன்னதும் மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

பெரிய நிறுவனங்களுக்கும் இந்தப் பாடம் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்ற பழம்பெரும் கடை, 2010 பண்டிகைக் காலத்தில் உடுப்பு, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் முதலில் நின்றது. காரணம் என்ன என்று நியூயார்க் டைம்ஸ் ஆராய்ந்து 2011 பிப்ரவரியில் எழுதியது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் காசு கொடுத்துச் சுட்டிகள் வைக்கப்பட்டிருந்தன. தங்களுக்கு இது தெரியாது என்று சொன்ன கடை, வேலையைக் கவனித்த நிறுவனத்தை விலக்கியது. கூகுள் தண்டனை போட்டது. ஒரு வகைப் பயணப்பெட்டித் தேடலில் முதல் இடத்தில் இருந்த கடை, சில மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்கு இறங்கியது. அவ்வளவு பெரிய கடை அதைத் தாங்கிக்கொண்டது. எங்களைப் போன்ற சின்னப் பள்ளியால் முடியுமா? அடுத்த ஆண்டே கூகுள் இப்படிப்பட்ட சுட்டி வியாபாரத்தைப் பிடிக்கவென்றே பென்குவின் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்தது.

ஆகவே நாங்கள் மெதுவான வழியில் போனோம். பேத்தி முதலில் கேட்டது, "தாத்தா, சனங்க நம்ம பள்ளிக்கூடத்த என்னென்ன பேருல கூப்பிடுறாங்க?" என்பதுதான். அதிகாரப் பெயர் மலாயில் ஒன்று. தோட்டத்துக்குத் துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று. சனங்கள் வாயில் புழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்று. ஊர்ப் பெயரையே ஒருவர் சிரம்பான் என்று எழுதுவார், இன்னொருவர் செரம்பான் என்று எழுதுவார், பலர் ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள். பழைய மாணவர் ஒருவரின் பேரனுக்குப் புதிய தாமானின் பெயர் தெரியாது. தாமானுக்குக் குடிவந்த இளம் தாய்க்குப் பழைய தோட்டத்தின் பெயர் தெரியாது. இருவரும் வந்து சேர வேண்டுமானால் எல்லாப் பெயர்களும் அந்தப் பக்கத்தில் இயல்பான வாக்கியங்களில் இருக்க வேண்டும். அப்படியே எழுதினோம். பள்ளி எங்கே தொடங்கியது, எப்போது எங்கே மாறியது, இன்று எந்தச் சாலையில் எந்தக் கட்டடத்தின் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு பக்கம். பதிவுக்கு என்னென்ன பத்திரம் கொண்டுவர வேண்டும் என்று ஒரு பக்கம். வரைபடக் குறியைத் திருத்த விண்ணப்பம் போட்டு, அது சரியாகும்வரை விடாமல் பார்த்துக்கொண்டோம்.

பள்ளி வரலாற்றை எழுதியது ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். கண்ணுக்குக் கண்ணாடி, கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி என்று வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஒவ்வொரு பழைய புகைப்படத்துக்கும் கீழே எந்த ஆண்டு, எந்த நிகழ்ச்சி, எந்த இடம் என்று அவரே குறித்துக் கொடுத்தார். அந்தக் குறிப்புகள்தான் பின்னாளில் அதிகம் பேரைக் கூட்டி வந்தன.

நடுவில் ஓர் இடைஞ்சல். பள்ளியின் பழைய ஆண்டு மலர் கணினிக் கோப்பாகவே இருந்தது. ஆனால் அந்தக் காலத்துத் தனி எழுத்துருவில் தட்டியது. நம் கண்ணுக்குத் தமிழ், இயந்திரத்துக்கோ அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். தமிழில் எத்தனையோ அகப்பக்கங்கள் இப்படித்தான் பல காலம் தேடுபொறிக்கு எட்டாமலே கிடந்தன. கணினித் தமிழில் மலேசியர்கள் பின்தங்கியவர்கள் இல்லை. முத்து நெடுமாறனின் முரசு மென்பொருள் எண்பதுகளிலேயே பிறந்தது. 2001-இல் தமிழ் இணைய மாநாடே கோலாலம்பூரில் நடந்தது. ஆனாலும் எழுத்துருக் குழப்பம் தீர, எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு பரவலாக வேண்டியிருந்தது. எங்கள் மலரை அதற்கு மாற்றிப் போட்ட பிறகுதான், முதன்முறையாக, தமிழில் தட்டினாலும் பள்ளி கிடைத்தது. உங்கள் சங்கத்துப் பழைய மலர்களும் அப்படிக் கிடக்கலாம். எடுத்துப் பாருங்கள்.

அந்தத் தவணை முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. காசு கொடுத்து விளம்பரம் போட்டிருக்கலாமே என்று சிலர் முணுமுணுத்தார்கள். விளம்பரம் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பதிவு நாள் நெருங்கும்போது அதற்கும் பயன் உண்டு. ஆனால் காசு தீர்ந்த அன்றே விளம்பரமும் நின்றுவிடும். எழுதி வைத்த பக்கம் பள்ளி விடுமுறையிலும் யாருக்காவது பதில் சொல்லிக்கொண்டிருக்கும். அடுத்த பதிவுக் காலத்தில், எங்களுக்கு முன்பின் தெரியாத பெற்றோர் சிலர், "தேடினோம், நீங்கதான் வந்தீங்க" என்று வந்து நின்றார்கள். பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து ஓர் அம்மா எழுதினார். தம் தந்தை பிறந்த தோட்டத்தின் பெயரைத் தட்டிப் பார்த்தாராம். அவர் அனுப்பிய புத்தகங்கள் இன்று நூலகத்தில் இருக்கின்றன. மாநிலத்தின் வேறு பள்ளி ஒன்று எங்கள் வரலாற்றுப் பக்கத்தைத் தன் பக்கத்தில் சுட்டியது. நாங்கள் அவர்களைச் சுட்டினோம். காசு கொடுத்து வாங்காத சுட்டிகள் இப்படித்தான் சேர்கின்றன.

இதை நான் பெரிய விஷயமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520-ஐச் சற்றுத் தாண்டும். நெகிரி செம்பிலானில் 61. மாணவர் 150-க்குக் குறைந்தால் அதைக் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறார்கள். நம் தோட்டப் பள்ளிகள் பலவும் அந்த வகையில் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு நாலு பிள்ளைகள் கூடுதலாக வருவது, ஒரு வகுப்பு நீடிப்பதா நிற்பதா என்கிற விஷயம். பக்கத்துத் தாமானில் குடியிருந்தும், தமிழ்ப்பள்ளி நடக்கும் தூரத்தில் இருப்பது தெரியாமலே பிள்ளையை வேறிடத்தில் சேர்த்த பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேடிப் பார்த்தபோது நாம் அங்கே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த அம்மன் கோயில் ஒன்று நல்ல அகப்பக்கம் வைத்திருந்தது. ஆர்வமுள்ள தொண்டர் ஒருவர் தம் சொந்தப் பெயரிலும் சொந்த மின்னஞ்சலிலும் அதன் இணைய முகவரியைப் பதிந்திருந்தார். அவர் வேலை மாறி வெளியூர் போனார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களை யாரும் பார்க்கவில்லை. முகவரி காலாவதியானது. யாரோ அதை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டார்கள். பல வருஷம் சேர்த்த நல்ல பெயரின் மீது ஏறி உட்காரத்தான் அப்படி வாங்குகிறார்கள். அம்மன் பெயரைத் தேடிய பக்தர்கள் சூதாட்டப் பக்கத்தில் போய் நின்றார்கள். திருத்தி எடுக்க அந்த நிர்வாகம் பட்ட பாடு கொஞ்சமில்லை.

இப்போது தேடினால் கேள்விக்குச் செயற்கை நுண்ணறிவே பதிலெழுதிக் கொடுக்கிறது, இனி அகப்பக்கம் எதற்கு என்று கேட்கிறார்கள். அந்தப் பதிலும் எங்கோ யாரோ எழுதி வைத்ததிலிருந்துதான் வருகிறது. எழுதாதவரைப் பற்றி அது மற்றவர் சொன்னதைச் சொல்லும், அல்லது தப்பாகச் சொல்லும்.

பள்ளி வாரியத்திலும் ஆலய நிர்வாகத்திலும் சங்கத்திலும் இருக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர், பொருளாளர் தேர்வு முடிந்ததும் அகப்பக்கப் பொறுப்பாளர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். இணைய முகவரியை அமைப்பின் பெயரிலேயே பதிந்து, புதுப்பிக்கும் தொகையை வரவுசெலவில் ஒரு வரியாகச் சேருங்கள். இன்றைய விலாசம், தொலைபேசி எண், பழைய தோட்டத்தின் பெயர், சனங்கள் கூப்பிட்ட பெயர் எல்லாவற்றையும் எழுத்தாக எழுதுங்கள். அந்தப் பெயர்கள் ஞாபகமுள்ள பெரியவர்கள் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். இந்த மாதமே போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.